நாருவின் முகம்

அத்தியாயம் 9

வரிசையில் நிற்பதற்கென்றே ஒரு மடக்கு நாற்காலி வாங்கி வைத்திருக்கிறவள் மிரான். அப்படிப்பட்டவளுக்கே இன்று காலையில் பொம்மைக் கண்காட்சி வாசலில் இருப்புக்கொள்ளவில்லை. ஜூலை மழை ஒரு பக்கம் நசநசத்தது. தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கடற்பாசியில் சுருட்டிய கிம்பாப் சோற்றை ஒவ்வொரு வில்லையாக வாயில் போட்டுக்கொண்டிருந்த நாத்தனார் பொராம் இன்னொரு பக்கம்.

"அண்ணி, அதோ அந்தப் பொண்ணு தூக்கிட்டுப் போறாளே, அந்தப் பொம்மையைப் பாருங்க. ஐயோ, என்ன கண்ணு!"

"யாரு அது?"

"யாருன்னா?"

"பேரு என்ன? வயசு என்ன? என்ன வேலை பாக்கறான்? அப்பா அம்மா இருக்காங்களா?"

"நீங்க பொம்மை வாங்க வந்தீங்களா, மாப்பிள்ளை பாக்க வந்தீங்களா?" என்றாள் பொராம். முன்னால் நின்ற இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

மிரானுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பெண்ணோடு ஒரு கூரையின் கீழ் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும்.

வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார் என்று மே மாதம் பெட்டிகளோடு வந்து நின்றவள் பொராம். "ரெண்டே வாரம் அண்ணி, வேற ரூம் பாத்துட்டுக் கிளம்பிடுவேன்" என்றாள். இதோ ஜூலை. புச்சோனில் இருக்கிற அந்தச் சின்னஞ்சிறு அடுக்ககத்தில், மிரான் தன் பொம்மைகளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த அறையில் இப்போது பொராம் படுத்துத் தூங்குகிறாள். நகங்களுக்குப் பூ வரைகிற கடையில் அவளுக்கு வேலை. வேலை முடிந்து வந்தால் வீடு முழுக்க நகப்பூச்சு வாடை.

போதாக்குறைக்கு அவளும் பொம்மைக்காரி. கூடவே வந்திறங்கிய அவளுடைய பொம்மைகள் ஒவ்வொன்றும் பேரழகு. ஒன்றுக்கும் பெயர் கிடையாது. முகத்தைப் பார்ப்பாள், மயங்குவாள், வாங்கி வருவாள். அவ்வளவுதான் அவளுடைய சாஸ்திரம்.

மிரானின் வழி வேறு. பள்ளிக்கூடத்து மதிய உணவுக்குத் திட்டம் போடுகிற உத்தியோகம் அவளுக்கு. அடுத்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பிள்ளைகள் என்ன சூப் குடிப்பார்கள் என்பது இன்றைக்கே தெரிந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். பொம்மையிலும் அப்படித்தான். முதலில் ஆள் பிறக்க வேண்டும். அவனுக்கு ஊர், பேர், கோபம், தழும்பு எல்லாம் அமைய வேண்டும். அப்புறம்தான் அந்த ஆளுக்குப் பொருத்தமான முகத்தைத் தேடிப் போவது.

அப்படிப் பிறந்தவன்தான் நாரு. ஆற்றில் தோணி தள்ளுகிறவன். எல்லோரையும் அக்கரை சேர்ப்பான், தான் மட்டும் கரையேற மாட்டான். நீச்சல் தெரியாது, அதை யாரிடமும் சொல்லவும் மாட்டான். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. வெயிலைப் பார்த்துப் பார்த்து வலது இமை கொஞ்சம் தாழ்ந்திருக்கும். சிரிப்பு என்பதே கிடையாது.

நாரு பிறந்து ஒன்பது வருடம் ஆகிறது. இன்னும் முகம் கிடைக்கவில்லை.

உடம்பு எப்போதோ வாங்கியாயிற்று. கோதுமை நிற ரெசின், அகலமான தோள், மூட்டுக்கு மூட்டு உருண்டை, உள்ளே எலாஸ்டிக். சணல் துணியில் சட்டையும் தைத்துப் போட்டு, அலமாரிக்குள் உட்கார வைத்திருக்கிறாள். தலை மட்டும் இல்லை. கல்யாணமான புதிதில் மப்ளர் எடுக்க அலமாரியைத் திறந்த அவள் புருஷன் கிசோக் போட்ட அலறலில் மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார்.

போன மாதம் போனில் ஒரு பொம்மைத் தலையின் படம் பார்த்தாள். இஞ்சோனில் அக்காவும் தம்பியுமாக நடத்துகிற சின்னப் பட்டறை. தம்பி செதுக்குவான், அக்கா வண்ணம் தீட்டுவாள். இந்தக் கண்காட்சிக்காக ஒரே ஒரு தலை செய்திருந்தார்கள். அந்தத் தலைக்கு வலது இமை தாழ்ந்திருந்தது. பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இறைச்சி வந்திறங்கிய நேரம், கையில் கோழியோடு நின்றிருந்த மிரான் "நாரு!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

அதனால்தான் பொராமை இன்று கூட அழைத்து வந்திருந்தாள். வாசலில் பெட்டிக்குள் கைவிட்டுச் சீட்டு எடுக்க வேண்டும். சீட்டில் உள்ள எண் வரிசைப்படிதான் உள்ளே விடுவார்கள். ஒருத்திக்குப் பதில் இரண்டு பேர் எடுத்தால் நல்லதுதானே.

இன்னொரு விஷயமும் உண்டு. இது பொராமுக்குத் தெரியாது. போன வாரம் கொஜேக்குப் போன் போட்டு, அங்கே கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்க்கிற கிசோக்கிடம் மிரான் பொரிந்து தள்ளியிருந்தாள்.

"உங்க தங்கச்சி எப்பக் கிளம்புவான்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க. என்னால முடியலைங்க."

"ஞாயித்துக்கிழமை சாயந்திரம் வர்றேன்ல. நானே நேர்ல சொல்லிடறேன்" என்றான் கிசோக்.

இன்றைக்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

சீட்டுப் பெட்டி வந்தது. மிரான் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். மூன்று இலக்கம். நாற்காலியில் சாய்ந்து ஒரு தூக்கமே போட்டுவிடலாம், அவ்வளவு பின்னால்.

பொராம் கிம்பாப் எண்ணெய்க் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு எடுத்தாள்.

"அண்ணி, எனக்கு ரெண்டு வந்திருக்கு. இது நல்லதா, கெட்டதா?"

மிரானுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஒன்பது வருடமாக அவள் தேடுகிறாள், இரண்டாம் எண் இவளுக்கு வருகிறது.

"கேட்டுக்க. உள்ள போனதும் நேரா இடது மூலைக்கு ஓடு. வேற எதையும் பாக்காத. எதையும்! வலது இமை தாழ்ந்த தலை, தனியா ஒரு கண்ணாடிப் பெட்டியில இருக்கும். எடு, பணத்தைக் குடு, வெளிய வா. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது அண்ணி. தோணிக்காரரைக் கூட்டிட்டு வர்றேன்."

"வாங்கிட்டு" என்று சொல்லாமல் "கூட்டிட்டு" என்று சொன்னதில் மட்டும் மிரானுக்குக் கொஞ்சம் நிம்மதி. இந்தக் கூட்டத்தில் யாரும் பொம்மையை வாங்கினேன் என்று சொல்வதில்லை.

*

கதவு திறந்தது. பொராம் ஓடினாள். மிரான் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

முதல் செய்தி சீக்கிரமே வந்தது. "கிடைச்சாச்சு!!!"

மிரான் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெண்ணிடம், "கிடைச்சிடுச்சாம்ங்க" என்றாள். அந்தப் பெண்ணும் "அட, ரொம்ப சந்தோஷம்ங்க" என்று கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"படம் அனுப்பு" என்று எழுதினாள் மிரான்.

பதில் இல்லை.

"எங்க இருக்க? வெளிய வா."

பதில் இல்லை. போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வரிசை ஊர்ந்தது. முன்னால் இருந்த ஒருத்தி தன் பொம்மைக்குக் குடை பிடித்து, தான் நனைந்துகொண்டிருந்தாள். சாதாரண நாளாக இருந்தால் மிரான் அதைப் பார்த்து நெகிழ்ந்திருப்பாள். இன்றைக்கு எரிச்சல்தான் வந்தது.

ஒருவழியாக உள்ளே போனபோது கண்காட்சியில் பாதி மேஜைகள் காலியாகிவிட்டன. பொராமைத் தேடிக் கண்டுபிடித்தாள். கடைசிச் சுவரோரம், தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் திறந்த பெட்டி. பெட்டிக்குள், முகத்துக்கு மேல் கண்ணாடி மாதிரி காப்பு மூடிய அந்தத் தலை. பொராம் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த விதம் மிரானுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"போனை எடுக்க முடியாதா உனக்கு?"

பொராம் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அண்ணி... இவனை நான் வச்சுக்கலாமா?"

"என்னது?"

"நான் எத்தனையோ முகம் பாத்திருக்கேன் அண்ணி. இந்த மாதிரி எதுவும் என்னைப் பாத்ததில்லை. இங்க பாருங்க, கண்ணுக்குக் கீழ ஒரு மச்சம். மழைத்துளி விழுந்து நின்ன மாதிரி இல்ல? உதட்டோரத்துல பாருங்க, சிரிக்கவா வேண்டாமான்னு யோசிக்கறான்."

"இது நாரு."

"இருக்கட்டும் அண்ணி. ஆனா உங்க நாருதான் சிரிக்கவே மாட்டானே?"

இது நியாயமான கேள்வி. நியாயமான கேள்வியைக் கேட்டால்தான் மனிதர்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"சிரிக்கறது சாயம்டீ! தலையா சிரிக்குது? வீட்டுக்குப் போனதும் எல்லாத்தையும் அழிச்சுட்டு, தேகுவுல ஒரு அம்மா இருக்காங்க, அவங்ககிட்ட அனுப்பி, தழும்பு வச்சு, புருவம் கனமா வச்சு, என் நாருவா வரைஞ்சு வாங்குவேன். எனக்கு வேண்டியது இந்த எலும்பு. இந்த இமை. மத்தது யாரோ பூசினது."

"அழிக்கப் போறீங்களா?" பொராம் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இந்த முகத்தையா?"

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. வாங்கின தலையின் வண்ணத்தை அழித்துவிட்டுத் தன் கதைக்கு ஏற்றபடி மறுபடி வரைந்துகொள்வது இந்தக் கூட்டத்தில் தினம் நடக்கிற காரியம். மிரானே எத்தனையோ முறை செய்திருக்கிறாள். ஆனால் பொராம் கேட்ட விதத்தில், ஏதோ உயிரோடு இருக்கிறவனைப் பற்றிப் பேசுவதுபோல் இருந்தது.

"நீ யாருக்காக வரிசையில நின்ன? எனக்காகத்தானே?"

"ஆமா அண்ணி."

"பின்ன என்ன பேச்சு இது? உன்கிட்ட ஏற்கெனவே ஒரு கூட்டமே இருக்கு. ஒண்ணுக்காவது பேர் வச்சியா? ஒண்ணைப் பத்தியாவது ரெண்டு வார்த்தை சொல்லத் தெரியுமா உனக்கு? அழகு, அழகு, அழகு! நாளைக்கு இதைவிட அழகா இன்னொண்ணு வந்தா இதைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில போடுவ. நான் ஒன்பது வருஷமா இவனோட வாழ்ந்துட்டு இருக்கேன்!"

கடைசி வாக்கியம் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரர் குட்டிக் குட்டிச் செருப்புகளை அடுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பொராம் பெட்டியை மூடினாள். மூடிய பெட்டியை மிரானிடம் நீட்டவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து நடந்தாள்.

*

ரயிலில் இருவரும் சேர்ந்து உட்கார இடம் கிடைத்தும், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். குடைகளிலிருந்து தண்ணீர் சொட்டி, இரண்டு சிற்றோடைகளாக ரயில்பெட்டியின் தரையில் ஓடி ஒன்று சேர்ந்தது.

மிரானுக்கு மனதுக்குள் அடுக்கடுக்காக வசனங்கள். 'என் வீட்டில் இருந்துகொண்டு, என் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு...' என்று ஒன்று தொடங்கும். அதை முடிப்பதற்குள் இன்னொன்று. சொல்லியிருந்தால் பெரிய சண்டையாகி இருக்கும். நல்லவேளை, பொராமே முந்திக்கொண்டாள்.

நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டியை மிரானின் மடியில் வைத்தாள்.

"வச்சுக்குங்க அண்ணி."

மிரான் அவளைப் பார்த்தாள்.

"யோசிச்சுப் பாத்தேன். எனக்கு அழகா ஒரு முகம் இன்னிக்கு இல்லன்னா நாளைக்குக் கிடைச்சுடும். உங்களுக்கு வேற நாரு கிடைக்க மாட்டான். நான் ஆசைப்பட்டதே தப்பு."

"தப்புன்னு நான் சொல்லலையே."

"சொன்னீங்க. மேஜைக்காரர் வரைக்கும் கேட்டுது." பொராம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கறேன். வந்த உடனே அழிச்சுடாதீங்க. இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டும். நான் போய்ச் சூடா வெங்காயத்தாள் அடை வாங்கிட்டு வர்றேன். மழைக்கு அதுதானே சரி? ரெண்டு பேருமா உக்காந்து தலையை உடம்புல மாட்டுவோம். நான் ஒரு தடவை ஆசைதீரப் பாத்துக்கறேன். நாளைக்கு நீங்க என்ன வேணா பண்ணிக்குங்க."

"சரி."

"நெஜமா?"

"சரின்னா சரிதான்."

மிரானுக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு சுலபமாக இவள் விட்டுக்கொடுப்பாள் என்று அவள் நினைக்கவே இல்லை. தானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டோம் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. போனை எடுத்து, பொராமுக்குத் தெரியாமல் திருப்பிப் பிடித்து, கிசோக்குக்கு எழுதினாள்.

"இன்னிக்கு அவகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. அவ நம்ம வீட்டுலேயே இருக்கட்டும்."

செய்தி போயிற்று. பக்கத்தில் குட்டியாக '1' என்று நின்றது. படித்தால்தான் அந்த ஒன்று மறையும். கிசோக் பஸ்ஸில் ஏறினால் ஊர் வந்து ஓட்டுநர் எழுப்பும்வரை தூங்குகிற ஆள். புச்சோனில் இறங்கும்போதும் ஒன்று அப்படியேதான் நின்றது.

*

பொராம் ரயில் நிலையத்திலிருந்தே சந்தைக்குப் பிரிந்து போய்விட்டாள். மிரான் வீட்டுக்கு வந்து, கையைத் துடைத்து, சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, பெட்டியை வைத்தாள். திறக்காமல் இருந்திருக்கலாம். யாரால் முடியும்?

முகக் காப்பை எடுத்தாள். நாரு அவளைப் பார்த்தான்.

தாழ்ந்த வலது இமை. ஒன்பது வருடமாக மனதில் இருந்தது அப்படியே. மிரான் அலமாரியிலிருந்து உடம்பை எடுத்து வந்து எதிரே உட்கார வைத்தாள். மாட்டவில்லை. பொராம் வரட்டும் என்று வைத்தாள். அந்த அளவுக்கு வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் நினைத்தாள்.

ஆனால் பார்க்கப் பார்க்க அந்த உதட்டோரம் உறுத்தியது. அவளைப் பார்த்துச் சிரிக்கவா வேண்டாமா என்று யோசித்தான். நாரு இப்படி யோசிக்கிறவன் இல்லை. இந்தச் சிரிப்பை முதலில் பார்த்தவள் பொராம். இந்த மச்சத்துக்கு மழைத்துளி என்று பேர் வைத்தவளும் பொராம். எதற்கும் பேர் வைக்கத் தெரியாதவள், இதற்கு மட்டும் வைத்துவிட்டாள்.

இப்போது வருவாள். அடையைத் தின்றுகொண்டே எண்ணெய்க் கையோடு கொஞ்சுவாள். படம் எடுப்பாள். எடுத்ததை உலகத்துக்கே போடுவாள். நாளைக்கு எல்லோருக்கும் இவன் மச்சக்காரன். தோணிக்காரன் யார் என்று யாருக்குத் தெரியப் போகிறது?

'மச்சம் மட்டும்' என்று மிரான் நினைத்தாள். 'மச்சத்தை மட்டும் எடுத்துவிடுவோம். மற்றதெல்லாம் அவள் பார்த்துக்கொள்ளட்டும்.'

நினைத்தது தப்பு என்று நினைக்கும்போதே தெரியும். ஆனால் காலையிலிருந்து அடக்கி அடக்கி வைத்த எரிச்சல், இதைவிடச் சின்ன வாசல் கிடைத்தாலும் அதன் வழியாக வெளியே வந்திருக்கும். இழுப்பறையில் சாயம் நீக்கும் திரவம் இருந்தது. பஞ்சு சுற்றிய குச்சியின் நுனியை நனைத்துத் தொட்டாள்.

மச்சம் போய்விட்டது. கூடவே, கீழ் இமையில் இருந்த இளஞ்சிவப்பு கன்னத்தில் ஒழுகி ஒரு கறை ஆனது.

அதைத் துடைத்தாள். கன்னத்தின் நிறம் ஓர் இடத்தில் வெளுத்துப் போயிற்று. ஒரு கன்னம் வெளுத்து ஒரு கன்னம் சிவந்து இருந்தால் நன்றாகவா இருக்கும்? மறுகன்னத்தையும் லேசாக்கினாள். உதட்டோரம் தானாகவே கலைந்தது. கலைந்த உதட்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அதையும் எடுத்தாள். கை நிற்கவில்லை. தோசைக்கல்லைத் துடைக்கிற வேகத்தில் துடைத்துக்கொண்டே போனாள். எப்படியும் அழிக்க வேண்டியதுதானே, நாளைக்குச் செய்வதை இன்றைக்குச் செய்கிறேன், எலும்பும் இமையும் இருந்தால் போதும், எலும்பும் இமையும்தான் நாரு.

பஞ்சு வலது கண்ணுக்கு மேலே போயிற்று.

இமை நிமிர்ந்தது.

மிரான் கையை எடுத்தாள். தலையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். காப்பு மூடியிருந்த வரைக்கும் கண்ணால் மட்டும் பார்த்தாள். காப்பை எடுத்த பிறகும் விரலால் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. இப்போது தடவிப் பார்த்தாள். வலது கண்ணும் இடது கண்ணும் ஒரே மாதிரி. ஒரு மேடு இல்லை, ஒரு மடிப்பு இல்லை. தம்பி செதுக்கியது சாதாரணமான, வழவழப்பான ஒரு தலை. சந்தையில் நூறு கிடைக்கும் தலை. இமையைத் தாழ்த்தியது அக்காவின் தூரிகை. மெல்லிய நிழலாக ஒரு கோடு, அதற்குக் கீழே இன்னொரு கோடு. அவ்வளவுதான். அவள் ஒன்பது வருடமாகத் தேடிய நாரு அந்த இரண்டு கோட்டில்தான் இருந்தான்.

மேஜையில் அழுக்குப் பஞ்சு குவிந்து கிடந்தது. அதில் எது இமை, எது சிரிப்பு, எது மழைத்துளி என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

தேகு அம்மாவுக்கு அனுப்பலாம் என்று மூளை வழக்கம்போல் திட்டம் போட ஆரம்பித்தது. மழை முடியும்வரை அவர் வேலை எடுக்க மாட்டார்; ஈரக்காற்றில் வண்ணத்தின் மேல் அடிக்கிற பூச்சு வெளுத்துப் போகும். மழை முடிந்தபின் எடுத்தாலும் என்ன சொல்லி அனுப்புவது? முன்னால் இருந்ததைப் போல வரையுங்கள் என்றா? படம் எங்கே? பட்டறைக்காரர்கள் போட்ட மங்கலான ஒரு படம்தான் இருந்தது, அதுவும் பக்கவாட்டில். ஒரே ஒரு நிமிடம் படம் எடுத்து வைத்திருக்கலாம். பொராம் எடுத்துவிடுவாளே என்றுதானே இந்த அவசரமே!

மிரான் வாயைப் பொத்திக்கொண்டாள். தன்மேல் வந்த கோபத்தில் அழுகைகூட வரவில்லை.

*

"அண்ணி! கடைக்காரம்மா இறால் போட்டுச் சுட்டுக் குடுத்தாங்க. மக்கொல்லி அரிசிக் கள்ளும் வாங்கிட்டேன். ஆரம்பிச்சுடலையே?"

பொராம் வாசலில் செருப்பை உதறிவிட்டு வந்தாள். தலையெல்லாம் மழை. அடைப் பொட்டலம் நனையாமல் இருக்க அதைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். மேஜைக்கு வந்ததும் நின்றாள்.

மிரான் மறைக்கவில்லை. மறைக்க நேரமும் இல்லை.

அவள் கத்துவாள் என்று மிரான் காத்திருந்தாள். கத்தினால் நன்றாக இருந்திருக்கும். பதிலுக்குக் கத்தலாம், மன்னிப்புக் கேட்கலாம், ஏதாவது செய்யலாம். பொராம் பொட்டலத்தை மெதுவாக மேஜை ஓரத்தில் வைத்தாள். ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, உரித்த முட்டை மாதிரி இருந்த அந்தத் தலையை இரண்டு கையாலும் எடுத்தாள். ஒரு பக்கம் திருப்பினாள். மறு பக்கம் திருப்பினாள்.

"இது யாரு அண்ணி?"

குத்திக் காட்டிக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். தினமும் அவளைப் பார்த்து மிரான் கேட்கிற கேள்விதான். பேர் என்ன, வயசு என்ன, என்ன வேலை, அப்பா அம்மா உண்டா.

மிரான் வாயைத் திறந்தாள். தோணி, ஆறு, தழும்பு, நீச்சல் தெரியாதது எல்லாம் ஞாபகம் வந்தது. அவற்றில் ஒன்றும் இந்தத் தலையின் மேல் ஒட்டவில்லை.

"மச்சத்தை மட்டும்தான்... நான் மச்சத்தை மட்டும்தான் எடுக்கலாம்னு..."

"சரி அண்ணி."

"பொராம், என்னைத் திட்டு. எதையாவது சொல்லு."

"என்ன சொல்றது?" பொராம் தலையைக் கீழே வைக்காமலே கேட்டாள். "நான்தான் அவனை ஒழுங்காப் பாத்தேன். கண்ணை மூடினா இப்பவும் தெரியறான். நீங்க பாக்கவே இல்லையே அண்ணி. வாங்கிட்டு வந்து, அழிச்சுட்டு, இன்னும் நீங்க அவனைப் பாக்கவே இல்ல."

மிரானுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது.

அப்போதுதான் வாசல் கதவுப் பூட்டில் எண்களை அழுத்துகிற சத்தம் கேட்டது. பூட்டு பாட்டுப் பாடித் திறந்தது. முதுகில் பையும், கையில் கொஜே கருவாட்டுப் பொட்டலமும், தூங்கி எழுந்து வீங்கிய முகமுமாக கிசோக் உள்ளே வந்தான்.

மிரானின் கண் தானாக மேஜைமேல் கிடந்த போனுக்குப் போயிற்று. செய்திக்குப் பக்கத்தில் அந்த ஒன்று அசையாமல் நின்றது.

"அடை வாசம் தெரு வரைக்கும் வருது!" என்றான் கிசோக். தலையில்லாத உடம்பைப் பார்த்தான். தங்கை கையில் இருந்த தலையைப் பார்த்தான். ஒன்பது வருட வீட்டுக் கதை தெரிந்தவனுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "அட! நாரு வந்தாச்சா?"

பொராம் தலையைப் பெட்டிக்குள் வைத்தாள். முகக் காப்பை எடுத்து, மூட ஒன்றுமில்லாத அந்த முகத்தின்மேல் கவனமாக மூடினாள்.

"வந்தான் அண்ணா. வந்துட்டுப் போயிட்டான்."

கிசோக்குக்குப் புரியவில்லை. பையை இறக்கி வைத்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டான். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தவனைப்போல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"பொராம், இப்படி உக்காரும்மா. அண்ணியும் நானும் பேசி ஒரு முடிவு எடுத்திருக்கோம்."